நஞ்சப்பா மகன் வெங்கடப்பா

ஆகஸ்ட் 19, காலை 6.40: என் மனைவி சரோஜா ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு.

நவம்பர் 16: வேப்பனப்பள்ளியைச் சேர்ந்த மாந்தோப்புக்காரர் கிருஷ்ணமூர்த்தி, தம் மகன் ஹரீஷுக்கு என் மகள் நித்யாவைப் பெண் கேட்டு வந்தார். இருவரும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிபவர்கள். ஏற்கெனவே தமக்குள் முடிவு செய்திருந்தவர்கள்.

டிசம்பர் 7: நிச்சயதார்த்தம். திருமணம் பிப்ரவரி 4 என்று குறிக்கப்பட்டது.

ஜனவரி 6: முதல் அழைப்பிதழை எந்தக் கோயிலில் வைப்பது என்ற பேச்சு எழுந்தது. இரு குடும்பங்களுக்கும் குலதெய்வம் ஒரே எல்லம்மா என்பது அப்போதுதான் தெரியவந்தது.

ஜனவரி 9: வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில், எங்கள் பூர்வீக ஊரின் பழைய நிலப் பதிவேட்டைப் பார்வையிட்டேன்.

ஜனவரி 10: இரு குடும்பங்களும் ஒரே தந்தைவழியில் வந்த பங்காளிகள், மணவுறவு கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கிருஷ்ணமூர்த்தியிடம் கொடுத்தேன்.

ஜனவரி 12: திருமணம் நிறுத்தப்பட்டது.

ஜனவரி 10ஆம் நாள் நான் எழுதிக் கொடுத்தது தவறு.

வருவாய்த் துறையில் என்னோடு பணியாற்றிய இளையவர்கள் மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். பழைய பதிவேடுகள் எல்லாம் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. இனி அந்தக் கனத்த தொகுதிகளைக் கையால் புரட்டிப் படிக்கும் அவசியம் எவருக்கும் வராது. எனவே அவற்றைப் படிக்கும் முறையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். முறையைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இருந்தது. அந்த முறையை நான் மீறிய ஒரே வழக்கைச் சொல்லாமல் முறையைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

வரலாற்றில் முதுகலையும் அதன்மேல் ஓர் ஆய்வுப் பட்டமும் பெற்று, கல்லூரி வேலைக்குக் காத்திருந்து, கிடைக்காமல், தேர்வெழுதி இளநிலை உதவியாளராக வருவாய்த் துறைக்குள் நுழைந்தேன். பயிற்சி ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசி, கையெழுத்து, தெலுங்கு, கன்னடம். எங்கள் வீட்டிலேயே தெலுங்கு பேசியதால் மற்றவர்களைவிட எனக்குப் பாதி வேலைதான். கர்நாடகமும் ஆந்திரமும் கூப்பிடு தொலைவில் இருக்கும் இந்த மாவட்டத்தில் ஒரே கிராமத்தின் பதிவேட்டை மூன்று எழுத்திலும் படிக்கத் தெரிந்தவன் அலுவலகத்துக்கு வேண்டியவனாகிவிடுகிறான்.

வேலையைக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான். அதுவும் என்னைவிட ஏழு வயது இளையவரான ஒரு மேலதிகாரியிடம். கிரேஸ் மேடம் நாகர்கோவில்காரர். நேரடித் தேர்வில் வந்தவர். பதிவறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்துவார். பதிவேட்டை மேசையின் விளிம்பில் வைக்க விடமாட்டார். பக்கத்தைப் புரட்டுமுன் வலது கை விரல்களை உலர்ந்த துணியில் துடைப்பார். எவரையும் தவறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாம் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அதைத் திருப்பி நம் பக்கம் தள்ளி, "எத்தனை கால் இருக்கு சார் இதுக்கு?" என்பார்.

உறவுமுறையை முடிவுசெய்ய மூன்று சான்றுகள் வேண்டும் என்பது அவர் விதி. அரசாங்கம் எழுதியது ஒன்று. குடும்பம் எழுதியது அல்லது சொல்வது ஒன்று. மூன்றாவது, இந்த வழக்கை மனத்தில் வைத்து எவரும் உண்டாக்காத ஒன்று: கல்லறைக் கல், கல்யாணப் படம், பாத்திரத்தில் வெட்டிய பெயர், எதுவானாலும். "முக்காலியில மூணு காலும் இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க. ரெண்டு காலுல உக்காந்து நீங்க விழுந்தா பரவாயில்ல சார், நம்மள நம்பி வந்தவன்லா விழுவான்" என்பார். நான் சிரித்ததுண்டு. பணியில் இருந்தவரை மீறியதில்லை.

அந்த விதியின் அருமை கெலமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விளங்கியது. வாரிசுச் சான்றிதழ் விசாரணை. பதிவேட்டில் இறந்தவருக்கு இரண்டு மகன்கள். போனபோது இறப்பு நடந்து பன்னிரண்டு நாள். ஒருவர் தலை மழித்திருந்தார். மற்றவர் படிய வாரிய தலையுடன் எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா காரியத்துக்கு நீங்க மொட்டை போடலியா?" என்று கேட்டேன்.

"அவரு எங்க மாமனாருங்க சார். மாமனாருக்கு யாருனா மொட்டை போடுவாங்களா?"

"பதிவேட்டுல மகன்னு இருக்கே?"

"அது மணியக்காரரு எழுதுனது. மாப்பிள்ளையா வந்தவன் மகனாட்டம் ஏர் ஓட்டுனா மகன்னுதான் எழுதுவாங்க. என் தலையைப் பார்த்து எழுதுனா மாப்பிள்ளைன்னு எழுதியிருப்பாங்க."

மழித்த தலைக்காரர் துக்கத்தையும் மறந்து சிரித்துவிட்டார்.

இந்த எல்லைப்புற ஊர்களில் பழைய வழக்கம் அது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், அல்லது இருக்கும் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும் வீட்டில், நிலத்தைப் பார்த்துக்கொள்ள மூத்த மருமகனை வீட்டோடு அழைத்துக்கொள்வார்கள். மகனுக்கு நிகரான உரிமை அவனுக்கு உண்டு. சட்டப் புத்தகங்கள் இதை இல்லட்டம் என்கின்றன. கன்னடம் பேசுவோர் மனெ அளியா என்பார்கள். உரிமை மகனுடையது என்பதால் கணக்கெழுதியவர்கள் பெயரையும் மகன் என்றே எழுதிப் போனார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, 'மகன்' என்ற சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி விசாரித்தேன். எத்தனையோ குடும்பங்களின் முறையை அப்படித்தான் சரிபார்த்துக் கொடுத்தேன்.

ஜனவரி 9ஆம் நாள் நான் பார்த்த பக்கத்தில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. நஞ்சப்பா மகன் வெங்கடப்பா. நஞ்சப்பா மகன் முனியப்பா. வெங்கடப்பா என் தாத்தா. முனியப்பா, பிற்காலத்தில் கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வேப்பனப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தவர், கிருஷ்ணமூர்த்தியின் தாத்தா. எனவே கிருஷ்ணமூர்த்தி எனக்குத் தம்பி முறை. அவர் மகன் என் மகளுக்கு அண்ணன் முறை. குலதெய்வமும் ஒன்று. நான் நிறுத்தவில்லை, விசாரிக்கவில்லை. மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் என்று பலமுறை யோசித்தேன். என் மகளுக்குச் சாதகமாக ஒரு சொல்லும் என் பேனாவிலிருந்து வந்துவிடக்கூடாது என்று அஞ்சினேன். வேறொருவர் வழக்காக இருந்திருந்தால் இன்னொரு வாரம் தேடியிருப்பேன். என் வழக்கு என்பதால் தேடுவதையே சலுகையாகக் கருதினேன். அந்தக் கடுமையை நேர்மை என்று எண்ணிக்கொண்டேன். மேலும், அந்த மாதங்களில் எதற்கும் 'இல்லை' என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

நித்யா அழவில்லை. நான் எழுதியதன் நகலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"எங்க கம்பெனியில ஒரு பீஸை ரிஜெக்ட் பண்ணணும்னாகூட ரெண்டு பேர் அளந்து கையெழுத்துப் போடணும்ப்பா" என்றாள். "இதுல ஒரு கையெழுத்துதான் இருக்கு."

பொங்கலுக்குப் பிறகு, நிச்சயத்தன்று கொடுத்த புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கிருஷ்ணமூர்த்தி வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஜனவரி 20 என்று நாள் குறித்தார்கள். புடவையும் தட்டும் இரு பக்கமும் திரும்பிவிட்டால் பேச்சு அறுந்தது என்று பொருள். பிறகு எந்தச் சான்றைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்த வீட்டு வாசல் திறக்காது.

"அம்மா பீரோவுலதான் வெச்சிருக்கேன். நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நித்யா வேலைக்குப் போய்விட்டாள். அன்று தேதி 18.

ஆகஸ்டுக்குப் பிறகு அந்த பீரோவை நான் திறந்ததில்லை. புடவை மேல் தட்டில் இருந்தது. அதை இழுத்தபோது கூடவே ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே அட்டையில் ஒட்டிய ஒரு குடும்பப் படம். என் தந்தையும் பெரியப்பாவும் சிறுவர்களாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படம். அதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன், தொலைந்துவிட்டதாக நினைத்திருந்தேன். பின்புறம் முழுவதும் சரோஜாவின் கையெழுத்து. என் தாய் படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு ஆண்டுகள் அவரைக் கவனித்துக்கொண்டவள் அவள்தான். 'அத்தை சொன்னது' என்று தலைப்பிட்டு, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று வரிசையாகக் குறித்திருந்தாள்.

நடுவில் இருப்பவர் நஞ்சப்பா. வலப்புறம் அவர் மகள் திம்மக்கா. பின்னால் நிற்பவர் வெங்கடப்பா, திம்மக்காவின் கணவர், வீட்டோடு வந்த மாப்பிள்ளை. பக்கத்தில் முனியப்பா, திம்மக்காவின் தம்பி. பெரிய மாமாவின் காதுகுத்துக்குத் தவலை கொடுத்தவர். பெரிய மாமா என்று அவள் எழுதியது என் பெரியப்பாவை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வெங்கடப்பாவும் முனியப்பாவும் அண்ணன் தம்பி அல்லர், அக்கா கணவரும் மைத்துனனும். அப்படியானால் கிருஷ்ணமூர்த்தி எனக்கு மைத்துனன் முறை. நித்யாவுக்கு ஹரீஷ் கட்டிக்கொள்ளும் முறை. வீட்டோடு வந்தவர் மாமனார் வீட்டுத் தெய்வத்தையே கும்பிட்டிருக்கிறார். எல்லம்மா எங்களுக்கு வந்த வழி அதுதான்.

கிரேஸ் மேடத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அவரும் ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். முழுவதையும் கேட்டார்.

"உங்க வீட்டம்மா எழுத்து உங்களுக்கு வேதம் சார். எதிர்த்தாப்புல இருக்கவனுக்கு அது நேத்து ராத்திரி எழுதுனதுதான். அதும் பொண்ணுக்கு அப்பா கொண்டு போனா?"

"தெரியும், மேடம்."

"தவலை எங்க இருக்கு?"

"அண்ணன் வீட்டுல இருக்கலாம்."

"இருக்கலாம்னு எழுதுனா நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா சார்? போயி பாருங்க."

அண்ணன் என்றது பெரியப்பா மகன் கோபாலப்பாவை. எழுபது வயது. கெலவரப்பள்ளி அணையின் வாய்க்கால் பாயும் ஊரில் பூர்வீக வீட்டிலேயே இருக்கிறார். மறுநாள் காலை போனேன். நான் சொல்லி முடிக்குமுன்பே எழுந்து நின்றுவிட்டார்.

"எங்க தாத்தனைச் சோத்துக்கு வந்தவன்னு சொல்ல வந்தியா?"

"அப்படிச் சொல்லலைண்ணா. வீட்டோட மாப்பிள்ளையா வந்தார்னு..."

"ரெண்டும் ஒண்ணுதான்! ஊர்ல எவனாவது சண்டைக்கு வந்தா முதல்ல எதைச் சொல்லி ஏசுவான் தெரியுமா உனக்கு? ஆபீஸ்ல உக்காந்தவனுக்கு எங்க தெரியும். எங்கப்பன் இதை ஊருக்குள்ள வாயில எடுக்காமயே செத்தான். உங்கப்பனும் அப்படித்தான். நீ மைக் வெச்சுச் சொல்றேங்கறே."

"அப்போ உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. ஜனவரி 12ஆம் நாள் திருமணம் நின்ற செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோதும் தெரிந்தேதான் பேசாமல் இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவரைக் கேட்காமல் எழுதியவன் நான் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. தவலை எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"தவலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்பவோ பழசுக்குப் போட்டாச்சு" என்றார்.

உள்ளேயிருந்து அண்ணி சாந்தம்மா வந்தார். "பழசுக்கு யாரு போட்டாங்க? பரண் மேல ராகி கொட்டி வெச்சிருக்கேன்."

"நீ சும்மா இருடி."

"நாப்பது வருசமா சும்மாதான் இருக்கேன். சரோஜா பொண்ணு கல்யாணம் நிக்குது. உங்க தாத்தன் எந்த வாசல்ல வந்தா என்ன, ஒழுங்காத்தானே குடித்தனம் பண்ணாரு? ஏணியைப் புடிங்க தம்பி."

ஏணியை நான் பிடித்தேன். அண்ணி ராகியை முறத்தில் கவிழ்த்துவிட்டுத் தவலையை இறக்கினார். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டிய தெலுங்கு எழுத்து. புளி போட்டுத் தேய்த்த பிறகு படிக்க முடிந்தது. வெங்கடப்பா மகன் சின்னப்பா காதுகுத்துக்கு மேனமாமன் முனியப்பா கொடுத்த சீர். சின்னப்பா என் பெரியப்பா. மேனமாமன் என்றால் தாய்மாமன். தந்தையின் உடன்பிறந்தவன் எந்தக் காலத்திலும் தாய்மாமன் சீர் செய்ய முடியாது. அந்தத் தவலையை வெட்டியவனுக்கு என் மகளைத் தெரியாது. மூன்றாவது கால் அதுதான்.

ஜனவரி 20. வேப்பனப்பள்ளிக்கு வாடகைக் காரில் போனோம். மடியில் தவலை, பின்னிருக்கையில் புடவையும் தட்டும், அவற்றின் பக்கத்தில் அண்ணனும். அவரைக் கிளப்பி அனுப்பியது அண்ணிதான். என்ன சொன்னார் என்று தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்ததும், இறங்க மறுத்துக் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கூடத்தில் கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய உறவினர்கள் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். ஹரீஷ் சுவரோரம் நின்றிருந்தான். நான் தவலையைத் தரையில் வைத்து, நான் எழுதிக் கொடுத்தது தவறு என்று தொடங்கி, எழுத்தைப் படித்துக் காட்டி, முறையை விளக்கினேன். படத்தை வெளியே எடுக்கவில்லை.

கிருஷ்ணமூர்த்தி தவலையைப் பார்க்கவேயில்லை. "சார், அன்னைக்கு ஒரு காகிதம் குடுத்தீங்க. நீங்க படிச்சவரு, தாசில்தாரா இருந்தவருன்னு நம்பி வீடு வீடாப் போயி கல்யாணம் இல்லைன்னு சொன்னேன். இன்னைக்குத் தவலை கொண்டாந்திருக்கீங்க. நாளைக்கு என்ன, அம்மிக்கல்லா?"

யாரோ சிரித்தார்கள்.

"எழுத்து சரியாத்தான் இருக்குது" என்றார் அவருடைய உறவினர் ஒருவர், குனிந்து பார்த்துவிட்டு.

"எழுத்து இருக்கட்டும். இவரே எழுதுறாரு, இவரே அழிக்கறாரு. வீட்டோட மாப்பிள்ளை வமிசம்னு இவங்க வீட்டுப் பெரியவங்க வாயால வரட்டும். வராது சார். எந்த வீட்லயும் வராது." தட்டுக்காகக் கையை நீட்டினார். "புடவையைக் குடுங்க."

ஹரீஷ் என்னைப் பார்த்தான். நான் தட்டைக் கையில் எடுத்தேன். அதை நீட்டியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கோபாலப்பா உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க தாத்தா உங்க பாட்டன் வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவரு" என்றார் தெலுங்கில். "மாடு ரெண்டு ஓட்டிக்கிட்டு வந்தாருன்னு எங்கப்பன் சொல்லியிருக்கான். ஒரே தடவைதான் சொன்னான், அதுவும் குடிச்சிருந்தப்போ. போதுமா?"

கிருஷ்ணமூர்த்தி எழுந்து நின்றார். "சார், நான் அதுக்கில்ல..."

"சார் என்ன சார். அந்த சார் இவன்" என்று என்னைக் காட்டினார். "உனக்கு நான் பாவா, மூத்த மச்சான் முறை. சின்னவன்தானே நீ? பாவான்னு கூப்பிடு. எழுபது வயசுல தாத்தன் மானத்தை உன் வீட்ல வந்து இறக்கி வெச்சிருக்கேன், அதையாவது செய்."

கிருஷ்ணமூர்த்தி நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கை தட்டை என் பக்கமாகவே மெல்லத் தள்ளியது.

"காப்பி சாப்பிடறீங்களா பாவா?" என்றார்.

"சர்க்கரை இல்லாம" என்றார் அண்ணன்.

மண்டபம் வேறொருவருக்குப் போய்விட்டது. மாசியில் ஒரு நாள் பார்த்திருக்கிறோம், கோயிலிலேயே நடக்கும். நித்யாவிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். அதாவது தவலையையும் அண்ணனையும் பற்றி. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிப்பா" என்றாள். பிறகு, "எழுதிக் குடுத்ததை வாயாலதான் திரும்ப வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பதிவேடு கணினியில் இருந்தாலும் கையில் இருந்தாலும், 'மகன்' என்ற சொல்லின் முன் நிறுத்துங்கள். உங்கள் சொந்த வீட்டுப் பக்கம் திறக்கும்போது இன்னும் அதிக நேரம் நிறுத்துங்கள். ஆளுக்கு ஆள் வேறுபடாத கண்டிப்பையே முறை என்கிறோம். தனக்கு மட்டும் கூடுதலாகக் காட்டும் கண்டிப்பும் முறைகேடுதான்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

1. ஜனவரி 10ஆம் தேதிக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுத்து மூலம் கிருஷ்ணமூர்த்திக்குக் கொடுத்தல். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

2. மூடப்பட்ட பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் எவருக்கும் இல்லை. எனவே, அந்தப் பக்கத்துக்கு விளக்கக் குறிப்பு ஒன்றை இணைத்து வைக்குமாறு வட்டாட்சியருக்கு மனு.

3. படத்தில் வலது ஓரத்தில் நிற்கும் பெண் யார் என்று கண்டறிதல். சரோஜா அங்கே 'தெரியவில்லை, இவரிடம் கேட்கணும்' என்று எழுதியிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

4. நான் 'கூடாது' என்று எழுதிய நாளிலும் விடை அடுத்த அறையில், அவள் அம்மாவின் கையெழுத்திலேயே இருந்தது என்பதை நித்யாவிடம் சொல்லி, படத்தை அவளிடம் கொடுத்தல். இது அச்சாகும் முன்.